அறிவித்தல் பலகையில் ஒரு பெரியப்பா

எனக்குப் பெரியப்பா கிடையாது. என் தகப்பனார் வீட்டுக்கு மூத்த பிள்ளை. அவருக்கு முன்னால் ஒருவரும் பிறக்கவில்லை என்பதைப் பருத்தித்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருந்தும் திருகோணமலையில் எனக்கு ஒரு பெரியப்பா இருந்தார். நகரசபையின் அறிவித்தல் பலகையில், கண்ணாடிக்குப் பின்னால், முத்திரை குத்தி இரண்டு கிழமை, பதினாலு நாள், தொங்கவிட்ட உறவு அது. அதைவிட உறுதியான சொந்தம் எனக்கு இந்த உலகத்தில் வேறு அமையவில்லை.

அவர் வீட்டுக்காரர். நான் அவருடைய வீட்டில் வாடகைக்கு இருந்தவன். துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞராக மாற்றம் கிடைத்து, கல்யாணம் முடித்த கையோடு அந்த ஊருக்குப் போயிருந்தேன். உட்துறைமுகத்தைப் பார்த்த ஓட்டு வீடு. முன்பக்கத்தில் இரண்டு பெரிய அறைகளும் விறாந்தையும். பின்பக்கத்தில் எங்களுக்கு இரண்டு சின்ன அறைகளும் குசினியும். முன் அறைகளை அவர் பூட்டி வைத்திருந்தார்; அவர் இருந்தது அன்புவழிபுரத்தில் இன்னொரு வீட்டில். கதவுத் திறப்பைக் கையில் தந்த அன்றே, "என்னை முதலாளி, ஐயா எண்டெல்லாம் கூப்பிடாதையும் தம்பி. பெரியப்பா எண்டு கூப்பிடும், காணும்" என்றார். எவ்வளவு பெருந்தன்மையான மனிதர் என்று நானும் மனைவி தவமணியும் அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

போகப் போகத்தான் தெரிந்தது, அவர் ஊருக்கெல்லாம் பெரியப்பா என்று. மீன் கொண்டுவருகிற கிழவருக்கு அவரைவிடப் பத்து வயது கூட. அந்தக் கிழவரும் பொக்கை வாயால் "பெரியப்பா, பாரை வந்திருக்கு" என்பார். இவர் கூச்சப்படாமல் "ஓம் மகன், வைச்சிட்டுப் போ" என்பார். பெண்சாதி இளவயதிலேயே செத்துப்போனாள். பிள்ளைகுட்டி இல்லை. சொந்தமாக ஒரு ஆள் இல்லாத மனிதருக்கு ஊரில் இத்தனை பிள்ளைகள் என்றால் யாருக்குத்தான் மனம் இளகாது? எனக்கு இளகியது. சபைத் துணைவிதிப் புத்தகத்தை அவர் சட்டைப் பையில் வைத்துத் திரிவதைக் கவனித்த பிறகு மெல்ல மெல்ல இறுகியது.

அது ஒரு மெல்லிய புத்தகம். ஓரமெல்லாம் எண்ணெய் பிடித்திருக்கும். பென்சிலால் கோடு கிழித்துக் கோடு கிழித்துச் சில பக்கங்கள் கிழிந்தே போயிருந்தன. கோயிலுக்குப் போனால் பக்திப் பாடல் படிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் தெற்கு வீதி மரநிழலில் இருந்து துணைவிதி படிப்பார். "சட்டத்தை மீறக் கூடாது தம்பி. சட்டத்தை மீறினவன் உருப்பட மாட்டான். சுத்திப் போறது வேற" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

வீடுகள் அவரிடம் மூன்று. வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது ஊரில் பாதிப் பேர் வேலை போய்விட்டதே என்று தலையில் கை வைத்தார்கள். இவர் மட்டும் அவர்கள் விட்டுப் போன வீடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவசரத்தில் விற்றவர்களிடம் ஆறுதல் சொல்லிச் சொல்லியே வாங்கினார் என்று கேள்வி. பிறகு நெடுங்காலம் அந்த வீடுகள் சும்மா கிடந்தன. நிலாவெளியில் ஹோட்டல்கள் எழும்பிய பிறகுதான் அவருக்கு விடிந்தது. ஹோட்டலுக்குக் கொடுக்கக் காசில்லாத வெள்ளைக்காரப் பெடியளும் பெட்டையளும் முதுகில் மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஊரில் ஆளாளுக்கு முன்னறையை ஒதுக்கிக் கட்டில் போட்டார்கள். நாளுக்கு நாள் ஆள் மாறும். கொஞ்சக் காலத்தில் ஒழுங்கைகளில் ஊத்தைத் தண்ணீர் ஓடத் தொடங்கியது. சபை ஒரு துணைவிதி போட்டது.

விதி நியாயமானதுதான். ஒரு மாதத்துக்குக் குறைவாக ஆட்களைக் காசுக்குத் தங்க வைக்கிற வீடு அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அதற்கு முதல், வருகிறவர்களுக்கென்று புறம்பாகக் கக்கூசு கட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட வேண்டும். வந்து போகிறவர் பெயரைப் புத்தகத்தில் பதிய வேண்டும். இவ்வளவுதான். ஆனால் அதன் வாலில் ஒரு விலக்கு இருந்தது. வீட்டுச் சொந்தக்காரரோ அவருடைய நெருங்கிய இரத்த உறவினரோ குடியிருக்கும் வீட்டில் இரண்டே இரண்டு அறைகளை மட்டும் விட்டால் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஏதோ ஒரு விதவை முன்னறையை விட்டுப் பிழைக்கட்டும் என்று இரக்கப்பட்டு எழுதிய வரி. விதவை அதைப் படித்தாளோ தெரியாது. பெரியப்பா படித்தார்.

கக்கூசு கட்ட அவருக்கு வசதியில்லாமல் இல்லை. கட்டச் சொல்லி இன்னொருவன் சொல்வதுதான் பொறுக்கவில்லை. இரண்டு கக்கூசு கட்டி முடிக்கிற காலத்தைப் போல நாலு மடங்கு காலத்தை அதைக் கட்டாமல் இருப்பதற்காகவே செலவழித்தார். அந்த உழைப்பை வேறு ஏதாவது நல்ல காரியத்தில் போட்டிருந்தால் துறைமுகத்தின் குறுக்கே ஒரு பாலமே கட்டியிருக்கலாம்.

எங்கள் முன் அறைகள் இரண்டும் திறந்தன. சட்டப்படி இரண்டு அறைகள்தான். ஆனால் விறாந்தை அறையில்லை என்று அவர் கண்டுபிடித்தார். விறாந்தையில் நாலு பேர். மாமரத்துக்குக் கீழே கட்டிய தூளிப் படுக்கை அறையில்லை. அதில் ஒருவன். மொத்தம் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வளவின் மூலையில் இருந்தது ஒரே ஒரு கக்கூசு. காலையில் நான் வாளியோடு போனால் எனக்கு முன்னால் ஐந்து ஜெர்மன்காரர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். எல்லோரும் மரியாதையாகக் "குட் மோர்னிங்" சொல்வார்கள். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது மரியாதை அல்ல.

பாண் தட்டுப்பாடு வந்தபோது அந்த ஜெர்மன்காரரையே விடியற்காலையில் பேக்கரி வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். "ஆளுக்கு அரை றாத்தல்தான் குடுக்கிறாங்கள். வீட்டில ஆள் கூட எண்டால் பாணும் கூடத்தானே" என்றார். விருந்தாளியை வரிசையில் நிறுத்துகிறீர்களே என்று நான் கேட்டதற்கு, "ஆர் சொன்னது விருந்தாளி எண்டு? வீட்டுப் பிள்ளையள்" என்றார்.

சபையின் சுகாதாரப் பரிசோதகர் கிண்ணியாக்காரர். மெலிந்த, அமைதியான மனிதர். கோபப்பட்டு ஒருவரும் கண்டதில்லை. ஒருநாள் காலை சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். வந்த நேரம் கக்கூசு வரிசை நீண்டு கிணற்றடி வரைக்கும் நின்றது. அவர் வரிசையை முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தார்.

"இவங்க எல்லாம் ஆரு?"

"ரெண்டு அறையில இருக்கிற ஆக்கள் நாலு பேர். மிச்சம் எங்கட சொந்தம்" என்றார் பெரியப்பா.

"எந்தப் பக்கத்தால சொந்தம்?"

"தாய்வழி."

பரிசோதகர் புத்தகத்தை எடுத்து எழுதினார். மூடி வைத்துவிட்டு, "தாய்வழி நல்ல நிறம்" என்றார்.

வரிசையில் நின்ற ஒரு பெட்டை, முந்தின நாள் விறாந்தையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தபடி, கை கூப்பிப் "பெரியப்பா!" என்றாள். பரிசோதகர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும்போது தலையைக் குனிந்தபடியே போனார். அவர் சிரித்தாரா என்று எனக்கு முகம் தெரியவில்லை. ஆனால் அடுத்த மாதமே சபை ஒரு புது ஒழுங்கு கொண்டுவந்தது. விலக்குக் கேட்கிற வீட்டுக்காரர் அந்த வீட்டில் இருக்கிற இரத்த உறவினர் யார், என்ன முறை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். உறவினரும் ஒப்பம் வைக்க வேண்டும். அதை இரண்டு கிழமை அறிவித்தல் பலகையில் போடுவார்கள். மறுப்பு இருப்பவர்கள் வந்து சொல்லலாம்.

நான் ஒப்பம் வைத்த கதையைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தவமணி நண்டுக்கறி வைத்திருந்தாள். அவர் எங்கள் குசினி வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, மூன்றாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து கடதாசியை நீட்டினார். நான் அவருடைய தம்பி மகன் என்றும், வாடகை எதுவும் கொடாமல் உறவின் பேரில் அங்கே வசிப்பதாகவும் அதில் இருந்தது.

"வாடகை தாறனே பெரியப்பா" என்றேன்.

"தாறீர். ஆர் இல்லையெண்டது? பற்றுத்துண்டு தந்தனானோ நான் ஒருநாளும்? இல்லை. அப்ப அது வாடகையில்லை, பெரியப்பாவுக்கு ஏதோ பிரியத்தில தாறது."

"அப்பிடியெண்டால் அக்கா மகன் எண்டாவது போடுங்கோ. எங்கட அப்பாவுக்கு அண்ணன் ஒருத்தரும் இல்லை."

அவர் புத்தகத்தைத் திறந்து, பென்சில் கோட்டைக் காட்டினார். "அக்கா மகன் எண்டால் வேற குடும்பம். தம்பி மகன் எண்டால்தான் சொந்த இரத்தம். விதியில இரத்தம் எண்டெல்லோ கிடக்கு? வடிவாப் பாரும்."

நான் தவமணியைப் பார்த்தேன். அவள் திரியாய்க்காரி. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து ஒரு சித்தி வீட்டில் வளர்ந்தவள். எங்கள் கல்யாணத்துக்கு அவள் பக்கத்தில் வந்தவர்களை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றியிருக்கலாம், இடமும் மிஞ்சியிருக்கும். அவளுக்கு அந்தக் கடதாசி சபை விவகாரமாகத் தெரியவில்லை. "பெரியப்பா கேக்கிறார், வைச்சுக் குடுங்கோவன்" என்றாள். வைத்துக் கொடுத்தேன். நண்டுக்கறிக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டு அவர் போனார்.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன் முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது நான் கந்தோரில் இருந்தேன். அவர்தான் தன் பழைய காரில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வார்ட்டு விறாந்தையில் நின்றுகொண்டிருந்தார். வேட்டியெல்லாம் இரத்தம். தாதி கேட்டபோது, பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரையும் முறை என்ற இடத்தில் பெரியப்பா என்றும் எழுதியிருந்தார். அன்றைக்கு அவருக்கு எந்த விதியும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த மனிதரை என்னால் முழுசாக வெறுக்க முடியாமல் போனதற்கு அந்த வேட்டிதான் காரணம்.

பலகையில் எங்கள் உறவு தொங்கியது. ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. சிரித்தவர்கள் பலர். மறுப்பு என்று ஒரு மனிதனும் போகவில்லை. ஊர் வழக்கம் அப்படி. இன்னொருவன் வீட்டுப் பொய்யில் யார் வாய் வைப்பார்கள்? பரிசோதகர் கோப்பை மூடினார். பெரியப்பா வென்றார்.

அடுத்த வருடம் மாசி மாதம். தவமணிக்கு எட்டு மாதம். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். வெளிநாட்டுப் பயணிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவந்து இறக்குகிறவராம். அவருக்கு முழு வீடும் வேண்டுமாம். அன்று பின்னேரம் பெரியப்பா விறாந்தைக் கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நான் ஒண்டு கேக்கிறன், குறை நினைக்கக் கூடாது. உறவுக்காரர் ஒரு வீட்டில வந்து எத்தனை நாளைக்கு இருப்பினம்?"

எனக்கு விளங்கவில்லை.

"சித்திரை வருசத்துக்கு முதல் வேற இடம் பாரும். இந்த வீட்டில இனி நானே வந்து இருக்கப்போறன்."

அவர் இங்கே வந்து இருப்பது கடதாசியில் மட்டும்தான் என்பதும், தான் இருக்கிற அன்புவழிபுரத்து வீட்டுக்கு அவர் ஏற்கெனவே இன்னொரு தம்பி மகனைப் பிடித்து வைத்திருந்தார் என்பதும் பிறகு தெரிந்தது. இல்லாத தம்பிக்கு இவர் பெற்றுக் கொடுத்த பிள்ளைகளுக்குக் கணக்கில்லை.

நான் ஓடிப்போய் ஒரு சட்டத்தரணியைக் கண்டேன். வாடகைக் குடியை வீட்டுக்காரர் நினைத்தபடி எழுப்ப ஏலாது, நாட்டில் சட்டம் இருக்கிறது என்று தைரியம் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில், "நீர் கையொப்பம் ஏதும் வைச்சனீரோ?" என்றார். சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப நீர் குடியிருப்பாளரில்லை. விருந்தாளி. விருந்தாளிக்குச் சட்டத்தில ஒண்டுமில்லை, தம்பி" என்றார்.

ஊரில் அந்த நேரம் மாதக் குடிக்கு வீடு கொடுக்க ஒருவரும் இல்லை. எல்லா முன்னறையிலும் வெள்ளைக்காரர். எட்டு மாத வயிற்றுக்காரியை அழைத்துக்கொண்டு எங்கே போவது? திரியாய்ச் சித்தி வீட்டில் ஒரு மூலைகூட இல்லை. பருத்தித்துறைக்கு அனுப்பலாம் என்றால் அவ்வளவு தூரம் அசையக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒரு தரம் கலைந்த வயிறு. நான் ஒவ்வொரு பின்னேரமும் கந்தோர் விட்டு வந்து சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாக வீடு கேட்டுத் திரிந்தேன். தவமணி மட்டும், "பெரியப்பா அப்பிடிச் செய்ய மாட்டார். கோவத்தில சொல்லியிருப்பார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒரு கோபமும் இல்லை என்று நான் அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

பங்குனி பிறந்து நாலாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே அவள் சொன்ன முதல் வார்த்தை, "பெரியப்பாவுக்குக் கற்கண்டு குடுத்துச் சொல்லிப்போட்டு வாங்கோ" என்பது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிள்ளை பெற்றவளோடு வாதாட மனமில்லாமல் கற்கண்டை வாங்கிக்கொண்டு போனேன். நேரம் பார்த்து, திட்டம் போட்டுத்தான் போனேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. உண்மை அதுவல்ல. ஏதோ போனேன். அங்கே வண்ணக்கர் இருந்தார்.

வண்ணக்கர் என்றால் கோயில் காரியங்களைப் பார்க்கிறவர். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார். கடற்கரை அம்மன் கோயிலில் பங்குனித் திருவிழா. அதில் ஏழாந் திருவிழா பதினொரு வருடமாகப் பெரியப்பாவின் உபயம். அன்றைக்கு அவர் செலவில் மேளம், பூ, பூசை. தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டி, சாமிக்கு முன்னால் அவர்தான் நடப்பார். மனிதருக்கு இந்தப் பூமியில் உண்மையான ஆசை என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பரிவட்டம். நோட்டீசு அச்சுக்குப் போகுமுன் பெயரைச் சரிபார்க்கத்தான் வண்ணக்கர் வந்திருந்தார். ஏழாந் திருவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

நான் கற்கண்டை நீட்டி, "பொம்பிளைப் பிள்ளை பெரியப்பா" என்றேன்.

அவர் எழும்பி ஒரு கட்டியை வாயில் போட்டார். முகம் நிசமாகவே மலர்ந்தது. "தாய்க்குச் சுகமோ?" என்று இரண்டு தரம் கேட்டார்.

வண்ணக்கர் கையில் இருந்த நோட்டீசை நாலாக மடித்தார். "நல்ல சங்கதி. எப்ப பிறந்தது?"

"இண்டைக்கு விடிய."

"அப்ப முப்பத்தொரு நாள் துடக்கு" என்றார் வண்ணக்கர்.

பிள்ளை பிறந்த வீட்டுக்குத் துடக்கு என்கிற தீட்டு உண்டு. தகப்பன் வழிச் சொந்தக்காரர் எல்லோருக்கும் உண்டு. முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிக்க முடியாது. பெரியப்பா கற்கண்டைக் கடித்தபடியே, "ஓம், தம்பிக்குத் துடக்குத்தான்" என்றார்.

"உங்களுக்கும்தானே" என்றார் வண்ணக்கர். "உங்கட தம்பி மகன்ரை பிள்ளை. அக்கா மகன் எண்டாலும் பரவாயில்லை, வேற குடும்பம் எண்டு விடலாம். இது சொந்த இரத்தம். பலகையில நானே ரெண்டு தரம் வாசிச்சனான்."

பெரியப்பா சிரித்துப் பார்த்தார். "என்ன வாத்தியார் பகிடி விடுறியள். அது சபைக் கதை. உங்களுக்குத் தெரியாதோ?"

"எனக்கு என்ன தெரியும்? நீங்கள் முத்திரையோட எழுதிக் குடுத்ததுதான் தெரியும். துடக்கோட ஒரு ஆளை அம்பாளுக்கு முன்னால நடக்க விட்டால் நாளைக்கு ஊரில ஒரு நோய் நொடி வந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

வண்ணக்கருக்கு அவ்வளவு பக்தியா என்று கேட்டால், பக்தியும் இருந்தது. எங்கள் வளவு ஊத்தைத் தண்ணீர் ஒழுங்கையால் இறங்கி அவருடைய வாசலில்தான் போய்த் தேங்கும். ஒன்றரை வருடமாக அதைத் தாண்டித்தான் அவர் கோயிலுக்குப் போனார்.

அதன் பிறகு பெரியப்பா ஓடிய ஓட்டத்தை ஊர் பார்த்து ரசித்தது. ஐயரிடம் போனார். பரிகாரம் உண்டா என்று கேட்டார். "துடக்குக்கு ஏது பரிகாரம்? நாள் கழியத்தான் வேணும்" என்று ஐயர் கையை விரித்தார். பரிசோதகரிடம் போய், தம்பி மகன் என்பதை அக்கா மகன் என்று திருத்தித் தரச் சொன்னார். "திருத்தலாம் முதலாளி. முதல் எழுதினது பொய் எண்டு ஒரு கடிதம் தாங்க. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் அவர். அந்த மிச்சம் என்ன என்று பெரியப்பாவுக்குத் தெரியும். திரும்பவும் வண்ணக்கரிடம் போனார். வண்ணக்கர் கடைசியில் இறங்கி வந்தார். இந்தக் குடும்பம் எனக்கு உறவில்லை என்று கோயில் சபைக்கு எழுதித் தர வேண்டும். வாயால் சொன்னால் காணாது. அந்தப் பக்கத்தவரும் அதை ஒப்புக்கொண்டு ஒப்பம் வைக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தவர் என்றால் நான்.

நோட்டீசு அச்சுக்குப் போக ஒரு நாள் இருக்கும்போது அவர் கடிதத்தோடு வந்தார். தவமணியும் பிள்ளையும் அன்றுதான் வீட்டுக்கு வந்திருந்தார்கள். துடக்கு வீடு என்று அவர் வாசற்படி ஏறவில்லை, முற்றத்திலேயே நின்றார். நான் விறாந்தையில் நின்று வாசித்தேன். "மேற்படியாருக்கும் எனக்கும் எவ்வித இரத்த உறவும் கிடையாது" என்று இருந்தது.

"இது காணாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "உறவில்லை எண்டால் நான் இந்த வீட்டில ஆர்? அதையும் எழுதுங்கோ."

"அது எதுக்குத் தம்பி கோயிலுக்கு?"

"கோயிலுக்கு இல்லை. எனக்கு. மாத வாடகைக்கு இருக்கிற குடி எண்டு எழுதுங்கோ. எந்த மாதத்தில இருந்து எண்டும் எழுதுங்கோ. எழுதினால் ஒப்பம் வைக்கிறன்."

 அவர் கை சட்டைப் பைக்குப் போனது. புத்தகத்தை எடுக்கவில்லை, பென்சிலைத்தான் எடுத்தார். பிறகு பென்சில் எழுத்துக் காணாது என்று என்னிடமே பேனா வாங்கி, கடதாசியை மாமரத்தில் வைத்து எழுதினார். நான் கேட்ட வாடகையையும் மாதத்தையும் எழுதியதோடு நிற்காமல் மேலும் மூன்று வரி எழுதினார். இந்தக் குடும்பத்தை முன்பின் தெரியாது என்றும், வாடகை தவிர வேறு கொடுக்கல் வாங்கலோ சொந்தமோ சம்பந்தமோ ஒருநாளும் இருந்ததில்லை என்றும், யாராவது அப்படிச் சொன்னால் அது பொய் என்றும் எழுதினார். எழுத வேண்டியதைவிடக் கூடவே எழுதினார். நான் ஒப்பம் வைத்தேன். இரண்டாம் பிரதி ஒன்றும் கேட்டு வாங்கினேன். அது சட்டத்தரணியிடமும் போனது, பரிசோதகரிடமும் போனது.

வீடு தப்பியது. வந்த சந்தோசத்தில் நான் அந்தக் கடிதத்தைத் தவமணிக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். "முன்பின் தெரியாது" என்ற இடத்தில் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. "அந்த வரியைத் திருப்பி வாசியுங்கோ" என்றாள். வாசித்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வீடு கிடைத்திருக்கிறது, இதற்குப் போய் அழுகிறாயே என்று நான் கேட்டதற்கு, "உங்களுக்கு வீடு. எனக்கு ஆக்கள் வேணுமெண்டு இருந்தது" என்றாள். அவள் அப்படிச் சொன்னபோதுதான், நானும் அந்தக் கடிதத்தில் ஒப்பம் வைத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

ஏழாந் திருவிழா அமர்க்களமாக நடந்தது. துடக்குக்காரன் என்று நான் தெருவின் மறுகரையில் நின்று பார்த்தேன். பெரியப்பா பச்சைப் பட்டுப் பரிவட்டத்தோடு, மார்பில் சந்தனத்தோடு, சாமிக்கு முன்னால் நடந்து வந்தார். என்னைக் கண்டார். முன்பின் தெரியாதவரைக் கடந்து போகிற மாதிரியே போனார். மனிதர் எழுதிக் கொடுத்தபடி நடக்கிறவர்தான். அடுத்த கிழமை பரிசோதகர் வந்து, உறவினர் குடியிருக்காத வீடு இது, இரண்டு கக்கூசும் தொட்டி மூடியும் முடிந்த பிறகு முன்னறையைத் திறக்கலாம் என்று கடதாசி ஒட்டினார். கொத்தனார் வேலை நடந்த அத்தனை நாளும் பெரியப்பா வந்து நின்று பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் வீடு கழுவித் துடக்குக் கழித்தோம். மறுநாள் பின்னேரம் வாசல் படலையில் சத்தம் கேட்டது. அவர்தான். கையில் ஒரு சின்னத் தகர டப்பா. உள்ளே வெள்ளிக் காப்பு ஒரு சோடி.

"பிள்ளையைப் பாக்க வந்தனான்" என்றார். என்னிடம் அல்ல. குசினிக்குள் இருந்த தவமணிக்குக் கேட்கிற மாதிரி.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். மூன்று படிக்கு மேலே நின்றாள். அவர் கீழே நின்றார்.

"பிள்ளைக்கு ஆர் வந்திருக்கிறதெண்டு சொல்லட்டும்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். ஜெர்மன்காரருக்கெல்லாம் நின்ற நிலையில் தாய்வழி தகப்பன்வழி சொல்லக்கூடிய மனிதர்.  டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கடைசியில், "வீட்டுக்காரர் எண்டு சொல்லு, பிள்ளை" என்றார்.

தவமணி குழந்தையை அவர் பக்கமாகத் திருப்பி, கிட்டக் கொண்டுபோகாமல், அதன் காதுக்குள் குழைந்து சொன்னாள்.

"இஞ்சை பாருங்கோ குஞ்சு, எங்கட வீட்டுக்காரர் வந்திருக்கிறார்."